அடுக்குமாடி வீடும் அண்டை வீட்டார் ஹக்கும்

வீடு என்பது அல்லாஹுத் தஆலா மனிதனுக்கு வழங்கியிருக்கும் பெரும் நிஃமத்துகளுள் ஒன்றாகும். நம் இல்லங்களை நாம் அமைதி பெறும் இடங்களாக ஆக்கித் தந்திருப்பதை, அவன் தன் அருட்கொடைகளின் வரிசையில் வைத்து ஸூரத்துந் நஹ்லிலே நினைவூட்டுகிறான். குடிசையாயினும் மாளிகையாயினும் இந்த நிஃமத் பொதுவானதே. ஆனால், நிஃமத் எந்த உருவில் வருகிறதோ அதற்கேற்ற கடமைகளும் கூடவே வருகின்றன. இன்று நம்மில் பலருக்கு வீடு அடுக்குமாடிக் குடியிருப்பாக வாய்த்திருக்கிறது. அதற்குரிய கடமைகளை நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

தெருவில் வீடு இருந்த காலத்தில் அண்டை வீடு என்றால் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, எதிரே ஒன்று. இன்றோ நம் தலைக்கு மேலே ஒரு குடும்பம் நடமாடுகிறது. காலுக்குக் கீழே ஒரு குடும்பம் உறங்குகிறது. நம் தளம் அவர்களுக்குக் கூரை. நம் கூரை மற்றவர்களுக்குத் தளம். மனித வரலாற்றில் அண்டை வீட்டார் இவ்வளவு நெருக்கமாக இருந்த காலம் அரிது. அவர்களின் பெயரைக்கூட அறியாமல் நாம் வாழ்கிற காலமும் இதுதான்!

கேட்டால், “நம்மால் யாருக்கும் தொந்தரவு இல்லை, நாம் உண்டு, நம் வேலை உண்டு” என்கிறோம். சற்றுப் பெருமையோடுதான் சொல்கிறோம். இது நற்குணமா? தீங்கு செய்யாமல் இருப்பதோடு அண்டை வீட்டாரின் ஹக்கு தீர்ந்துவிடுமா? இந்தக் கேள்வியைத்தான் இங்கே சற்று நிதானமாக ஆராய விரும்புகிறோம்.

மாடி வாழ்க்கை நமக்குப் புதிதா?

அடுக்கு வீடு இன்றைய நாகரிகம் தந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. எகிப்தின் பழைய தலைநகரான புஸ்தாத்தில் ஏழு மாடி, பதினான்கு மாடி வீடுகள் இருந்ததாக 11ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற பாரசீகப் பயணி நாஸிரே குஸ்ரு எழுதி வைத்திருக்கிறார். கெய்ரோவில் ஸுல்தான் அல்கூரி 1504, 1505 ஆண்டுகளில் கட்டிய வணிகர் விடுதி இன்றும் நிற்கிறது. அதன் கீழ்த்தளங்களில் சரக்கும் வணிகர்களும். மேல்தளங்களில் வாடகைக்குக் குடும்பங்கள். ‘ரப்உ’ என்று அழைக்கப்பட்ட இத்தகைய வாடகைக் குடியிருப்புகள் அந்நகரில் நிறைய இருந்தன.

யமன் நாட்டின் ஹளரமவ்த் பகுதியில் ஷிபாம் என்றொரு நகரம். வெயிலில் காய்ந்த மண் செங்கல்லாலேயே வானளாவ எழுப்பிய வீடுகள். பெரும்பாலானவை 16ஆம் நூற்றாண்டு தொட்டு எழுந்தவை. 1982ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே கீழ்த்தளம் தானியத்திற்கும் கால்நடைக்கும். மேலே குடும்பத்தார் வாழ்வார்கள். தெருவுக்கு இறங்காமல் மேல்தளத்திலிருந்தே பக்கத்து வீட்டுக்குப் போக வழி வைத்த வீடுகளும் உண்டு. சுவரை எழுப்பியவர்கள் கதவையும் மறக்கவில்லை!

நம் சென்னைக்கு வருவோம். திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் ஒண்டுக் குடித்தனத்தில் வளர்ந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். ஒரே தலைவாசல், நடுவே முற்றம், சுற்றிலும் ஓரறை, ஈரறைகளில் ஐந்தாறு குடும்பங்கள், எல்லோருக்கும் ஒரே குழாயடி. குடத்தை வரிசையில் வைப்பதில் சண்டை வரும். குழந்தைகளால் மனத்தாங்கல் வரும். அந்த வாழ்க்கையில் எல்லாம் இனிமையாக இருந்தது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அது மற்ற வீடுகளுக்குத் தெரிந்தது.

1970ல் தமிழக அரசு குடிசை மாற்று வாரியத்தை ஏற்படுத்தி, குடிசைகளுக்குப் பதிலாக மாடி வீடுகளைக் கட்டிக் கொடுக்கத் தொடங்கியது. 2021ல் அந்த வாரியத்திற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றப்பட்டது. நதிக்கரைகளில் வாழ்ந்தவர்கள் பலர் பெரும்பாக்கம் போன்ற இடங்களில் எட்டடுக்கு வீடுகளுக்குக் குடியேற்றப்பட்டனர். ஒழுகாத கூரை கிடைத்தது. ஆனால் வேலை செய்த இடம் தொலைவாயிற்று. ஒரே தெருவில் பல காலம் பழகியவர்கள் வெவ்வேறு பிளாக்குகளுக்குப் பிரிந்து போனதும் உண்டு.

நடுத்தரக் குடும்பங்கள் வாங்குகிற ஃப்ளாட்டுகள் மற்றொரு வகை. இவற்றின் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நிலத்தில் ‘பிரிபடாத பாகம்’ இத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கும். “இந்த மண் என்னுடையது” என்று எவரும் ஒரு பிடியைக்கூடத் தனியே சுட்டிக்காட்ட முடியாது. எல்லாம் எல்லோருக்கும் சேர்ந்தது. கூட்டாளிகளாகி விட்டோம் என்று பத்திரமே சொல்கிறது. நாம்தாம் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மறந்துவிடுகிறோம்.

பொருள் தேடிக் கடல் கடந்த நம் மக்கள் சிங்கப்பூரில் காணும் வாழ்க்கையும் இதுவே. அங்கே 1960ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1961ல் புக்கிட் ஹோ ஸ்வீ கம்பத்தை அழித்த பெருந்தீக்குப் பிறகு அடுக்கு வீடுகள் வேகமாக எழுந்தன. இன்று அந்நாட்டு மக்களில் நால்வரில் மூவருக்கும் மேல் கழக வீடுகளிலேதான் வாழ்கின்றனர். சீனர், மலாய்க்காரர், இந்தியர் தனித்தனியே ஒதுங்கிவிடாமல் ஒவ்வொரு புளோக்கிலும் கலந்து வாழ வேண்டுமென்று 1989ல் விதியும் வகுத்தார்கள். பல புளோக்குகளின் கீழ்த்தளம் சுவர் வைக்காமல் திறந்தே விடப்பட்டிருக்கிறது. மலாய் முஸ்லிம்களின் நிகாஹ் விருந்தும் சீனர்களின் துக்கக் கூட்டமும் அதே இடத்தில்தான் நடக்கின்றன. அரசாங்கம் மக்களை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து சேர்க்கலாம். கூடிப் பேசத் திறந்த இடமும் அமைத்துக் கொடுக்கலாம். கதவைத் தட்டி ஸலாம் சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம்.

மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும்

மேல்தளம், கீழ்தளம் என்று வாழ்வோரின் நிலைக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய ஓர் உவமை மிகவும் பொருந்தும். அது புகாரி ஷரீபில் வருகிறது. ஒரு கப்பலில் பயணிகள் சீட்டுப் போட்டுச் சிலர் மேல்தளத்தையும் சிலர் கீழ்தளத்தையும் பெற்றனர். கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே இருந்தவர்களைக் கடந்து போக வேண்டியிருந்தது. மேலே இருப்பவர்களுக்கு ஏன் சிரமம், நம் பகுதியிலேயே ஓட்டை போட்டுக்கொள்வோமே என்று அவர்கள் நினைத்தனர். அப்படியே விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவர். தடுத்தால் எல்லோரும் பிழைப்பர்.

இதில் நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்று உண்டு. கீழே இருந்தவர்களின் நிய்யத் கெட்டதன்று! மேலே இருப்பவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர்கள் ஓட்டை போட நினைத்தனர். “தொந்தரவு கொடுக்க வேண்டாம்” என்ற எண்ணம் மட்டும் கப்பலைக் காப்பாற்றாது. ஒருவர் மற்றவரிடம் வந்து போவதும், கேட்பதும், பேசுவதும் வேண்டும்.

பின்வந்த மார்க்க அறிஞர்கள் இதை விரிவாகச் சட்டமாக்கினர். ஹனபி மத்ஹபின் அடிப்படையில் உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ சட்டத்தில், ஒரு கட்டடத்தின் மேல்பகுதி ஒருவருக்கும் கீழ்ப்பகுதி மற்றவருக்கும் சொந்தமாயிருக்கும் நிலை எடுத்துக் கூறப்பட்டுள்ளது. தம் வீட்டைத் தாங்கி நிற்கும்படி கீழ்வீட்டின்மீது மேல்வீட்டார்க்கு உரிமை உண்டு. வெயிலும் மழையும் படாமல் தமக்கு நிழலாயிருக்கும்படி மேல்வீட்டின்மீது கீழ்வீட்டார்க்கு உரிமை உண்டு. ஆகவே ஒருவர் சம்மதமின்றி மற்றவர் தம் பகுதியில்கூடக் கேடு தரும் வேலை எதையும் செய்யலாகாது. சொந்த வீடு என்பதால் எதையும் இடிக்கலாம், எப்படியும் கட்டலாம் என்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

சுவரைப் பற்றியும் ஒரு ஹதீது உண்டு. தன் சுவரில் அண்டை வீட்டார் ஒரு மரக்கட்டையைப் பதிக்க வந்தால் தடுக்க வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது கட்டாயமா, விரும்பத்தக்கதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியாயினும், நம் சுவரிலும் பிறருக்கு ஒரு பாத்தியதை இருக்கிறது என்ற உணர்வை இது நமக்கு ஊட்டுகிறது.

முதற்படி: தீங்கு செய்யாமை

எவருடைய தொல்லையிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவர் முஃமின் அல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மும்முறை ஆணையிட்டுக் கூறியிருக்கிறார்கள். அடுக்குமாடியில் இதன் பொருள் என்ன?

நம் குளியலறைத் தளத்தில் கசிவு. கீழ்வீட்டாரின் கூரையில் ஈரம் படர்ந்து சுண்ணாம்பு உதிர்கிறது. அவர்கள் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டனர். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறோம். அதே குளியலறையில் ஐந்து வேளையும் ஒளூச் செய்கிறோம். ஒளூ நிறைவேறிவிடும். ஆனால் அந்தத் தண்ணீர் சொட்டும் வீட்டாரின் மனக்குறையும் நம் கணக்கிலே சேருமல்லவா?

ரமலான் இரவில் ஸஹருக்கு எழுவது பெரும் பரக்கத். அந்நேரத்தில் மிக்ஸியை ஓட்டுவதும், நாற்காலியை இழுப்பதும், கைபேசியில் பயானை உரக்க வைப்பதும் ஸுன்னத் அல்ல. பள்ளிவாசலில் இஃதிகாப் இருந்த நாயகம் (ஸல்) அவர்கள், சிலர் உரத்த குரலில் ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கி, ஒருவருக்கொருவர் இடைஞ்சல் செய்துகொள்ளாதீர்கள் என்று அறிவுறுத்தியதாக அபூதாவூதில் வருகிறது. குர்ஆன் ஓதும் குரலுக்கே இந்த ஒழுங்கு என்றால், மற்ற ஓசைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

மாடிப்படியில் செருப்பும் சைக்கிளும் குப்பைக் கூடையும் வைப்பது, பாதையில் இடர் வைப்பதாகும். இடரை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று. மாதப் பராமரிப்புத் தொகையைக் கட்டாமல், பிறர் கட்டிய பணத்தில் ஓடும் மோட்டாரில் தண்ணீர் பிடிப்பது பிறர் பொருளை உண்பதாகும். பெண்கள் புழங்கும் சமையற்கட்டும் கிணற்றடியும் முற்றமும் பிறர் கண்ணில் படும்படி இருந்தால் அதைப் பெருங்கேடு என்று மேற்சொன்ன மஜல்லா வகுத்து, மறைப்பு வைக்கச் சொல்கிறது. நம் பாதுகாப்புக்கென்று மாட்டும் காமிரா எதிர்வீட்டின் உள்ளே பார்க்கிறதா என்று சோதித்துக் கொள்வது இந்தக் காலத்துப் பேணுதலாகும்.

அறியாமல் இருப்பது குற்றமா?

இவற்றையெல்லாம் பேணிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். கடமை முடிந்ததா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா’வில் இதற்குத் தெளிவான விடை தருகிறார்கள். தீங்கு செய்யாமை மட்டும் அண்டை வீட்டாரின் ஹக்கு அன்று. அவர்களால் வரும் தீங்கைப் பொறுப்பதும் வேண்டும். அதுவும் போதாது, கனிவோடு நன்மை செய்ய வேண்டும் என்பது அவர்கள் கருத்து. தீங்கு செய்யாதிருத்தல் என்ற முதற்படியில் ஏறி நின்றுகொண்டு, உச்சிக்கு வந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்!

பக்கத்து வீட்டார் பசித்திருக்கத் தாம் மட்டும் வயிறார உண்பவர் முஃமின் அல்லர் என்ற கருத்துள்ள ஹதீதை நாம் பல பயான்களில் கேட்டிருக்கிறோம். அதன் ஓர் அறிவிப்பில், அந்தப் பசியை அறிந்திருந்தும் அவ்வாறு செய்பவர் என்ற நிபந்தனை வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்கலாம்: “எங்களுக்குத்தான் தெரியாதே! கதவு மூடியிருக்கிறது. உள்ளே பசியா, நோயா, கடனா, எப்படித் தெரியும்? தெரியாததற்கு அல்லாஹ் கேள்வி கேட்பானா?”

நியாயமான கேள்விதான். ஆனால் அறியாமை இரண்டு வகை. அறிய வழியே இல்லாமல் போவது ஒன்று. வழியை நாமே அடைத்துவிட்டு அறியாமல் இருப்பது மற்றொன்று. தொழுகையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. தெரியாத ஊரில், கேட்க ஆளில்லாத இடத்தில், தன்னால் இயன்றவரை ஆராய்ந்து ஒருவர் தொழுதுவிட்டார். பிறகுதான் திசை தவறியது தெரிந்தது. அவருடைய தொழுகை கூடிவிடும் என்பது ஹனபி மத்ஹபின் சட்டம். ஆனால் கிப்லாவை அறிந்தவர் பக்கத்தில் இருந்தும் கேளாமலே தொழுது தவறினால், “எனக்குத் தெரியாது” என்ற சாக்குச் செல்லாது. திரும்பத் தொழ வேண்டும்.

அடுக்குமாடியில் நாம் எந்த நிலையில் இருக்கிறோம்? எதிர்க் கதவுக்கும் நம் கதவுக்கும் நான்கு அடி தூரம். கேட்க ஆள் இல்லாத பாலைவனத்திலா இருக்கிறோம்? ஒண்டுக் குடித்தனத்தில் பக்கத்து வீட்டின் பசி தானாகவே தெரிந்தது. அங்கே அறிவதற்கு முயற்சி தேவைப்படவில்லை. இங்கே சுவரும் கதவும் அந்த அறிவை மறைத்துவிட்டன. தானாகத் தெரிந்ததை இனி நாமாகக் கேட்டுத்தான் அறிய வேண்டும். வீட்டின் அமைப்பு மாறியதால் ஹக்கு குறையவில்லை. ஹக்கை நிறைவேற்றும் உழைப்புத்தான் கூடியிருக்கிறது.

மறைவும் விசாரிப்பும்

“பிறர் வீட்டு விஷயத்தில் தலையிடுவதை இஸ்லாமே தடுக்கிறதே!” என்று மற்றொரு கேள்வி எழலாம். மெய்தான். துருவி ஆராயாதீர்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத்திலும், அனுமதி பெற்று ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டில் நுழையாதீர்கள், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுங்கள் என்று ஸூரத்துந் நூரிலும் அல்லாஹ் கட்டளையிடுகிறான்.

ஆனால் பாருங்கள்! அனுமதி கேட்கச் சொல்லும் ஆயத்து, நாம் அந்த வாசலுக்குப் போவோம் என்பதை எதிர்பார்த்துத்தானே இறங்கியிருக்கிறது? வாசலுக்கே போகாதவனுக்கு அனுமதியின் ஒழுங்கு எதற்கு? மார்க்கம் வீட்டின் மானத்தை மறைக்கச் சொல்கிறது. வீட்டாரின் துன்பத்திலிருந்து நம்மை மறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. “ஏன் உங்கள் மகன் வருவதில்லை?” என்பது துருவுதல். “இரண்டு நாளாய் உங்களைக் காணோமே, உடம்புக்குச் சுகம்தானே?” என்பது விசாரித்தல். ஆண் துணை இல்லாத வீடாயின் நம் வீட்டுப் பெண்கள் போய் விசாரிக்கட்டும்.

அறுபது வீடுகள் உள்ள குடியிருப்பில் எல்லோரையும் எப்படி விசாரிப்பது என்ற மலைப்பும் வேண்டாம். எனக்கு இரு அண்டை வீட்டார் இருக்கின்றனர், யாருக்கு அன்பளிப்புக் கொடுப்பது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, எவருடைய வாசல் அருகில் இருக்கிறதோ அவருக்கு என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். அருகிலிருந்து தொடங்கினால் போதும். குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னதும் நாம் அறிந்ததே. பெரிய விருந்து கேட்கப்படவில்லை. ஓர் அகப்பைத் தண்ணீர்தான் கேட்கப்பட்டிருக்கிறது.

எம்மதத்தவராயினும்

அடுத்த கதவு முஸ்லிமின் கதவாயிருந்தால்தான் இந்த ஹக்கா? அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் ஓயாமல் உபதேசித்ததால், வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிய ஹதீதை ஆதாரமாகக் காட்டியே அவ்வாறு கேட்டார்கள்.

நகரங்களில் முஸ்லிம் என்ற காரணத்தால் வீடு மறுக்கப்படும் கசப்பு நம் குடும்பங்கள் பலவற்றுக்கு உண்டு. அது அநீதிதான், அநீதி என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கசப்பினால், கிடைத்த வீட்டிலும் கதவை மூடிக்கொண்டு வாழ்ந்தால், அடுத்து வரும் முஸ்லிமுக்கும் அந்தக் கதவு திறக்காது. புலால் உண்ணாத குடும்பம் எதிரே இருந்தால் பெருநாளன்று பழமும் இனிப்பும் அனுப்பலாமே! குர்பானியின் கழிவு படியிலோ குப்பைத் தொட்டியிலோ கிடக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர்களுக்குச் செய்யும் கண்ணியம்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது, கீழ்த்தளத்து மக்கள் மேல்தளங்களுக்கு ஏறினர். அன்று எவரும் கதவைத் திறக்குமுன் மதத்தைக் கேட்கவில்லை. தண்ணீர் வடிந்தது, கதவுகள் பழையபடி மூடிக்கொண்டன. வெள்ளம் வந்தால்தான் நாம் அண்டை வீட்டார் ஆவோமா?

மவ்த்து வரும் நாள்

எந்த வீட்டுக்கும் வந்தே தீரும் விருந்தாளி மலக்குல் மவ்த். அடுக்குமாடியில் ஒரு மவ்த்து நேர்ந்தால் என்ன ஆகிறது? சின்ன லிஃப்ட்டில் சந்தூக் நுழையாது. திரும்பித் திரும்பி இறங்கும் குறுகிய படியில் நாலு பேர் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். மய்யித்தைக் குளிப்பாட்ட இடம் வேண்டும்; வருவோர் உட்கார நிழல் வேண்டும்; துக்க வீட்டாருக்குச் சோறு வேண்டும். பிள்ளைகள் துபாயிலும் அமெரிக்காவிலும். அந்த நேரத்தில் படியைப் பிடித்து இறக்க முந்தி வருபவர் தூரத்து உறவினர் அல்லர், எதிர்வீட்டுக்காரர்தான். வாழ்நாளெல்லாம் அவருடைய முகத்தைப் பாராமல் இருந்துவிட்டு, அந்த நாளில் மட்டும் அவர் தோள் கொடுக்க வேண்டுமென்று எப்படி எதிர்பார்ப்பது?

இதைவிடக் கொடியது, உள்ளே ஒருவர் தனியே இறந்துகிடக்க, வெளியே நாம் செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுப் போவது. முதியோர் தனித்து வாழும் நகரங்களில் இது நடக்காத ஒன்றல்ல. ஜமாஅத்தின் முதல் ஸஃப்பை நாடிச் செல்லும் நம் கால்கள், போகிற வழியில் மூடிக் கிடக்கும் கதவின் முன்னே ஒரு நொடி நிற்கட்டும்.

அன்பர்களே! இந்த மாதத்திற்குள் நம் தளத்திலுள்ள ஒவ்வொரு வீட்டாரின் பெயரையும் அறிந்துகொள்வோம் என்று நிய்யத் வைப்போம். மேல்வீட்டுக்கு ஒருமுறை, கீழ்வீட்டுக்கு ஒருமுறை போய், “எங்களால் உங்களுக்கு ஏதேனும் தொல்லை உண்டா?” என்று நாமே கேட்போம். தனியாக இருக்கும் முதியவர் எவரேனும் இருந்தால் நாள்தோறும் ஒரு வார்த்தை விசாரிப்போம். மஹல்லா ஜமாஅத்தார் தம் பகுதி அடுக்குமாடிகளில் வாழும் குடும்பங்களின் விவரத்தை எழுதி வைத்து, ஜனாஸாக் காலத்தில் உதவ ஆட்களை அமர்த்துவார்களாக.

நம் கதவு எவ்வளவு உறுதியானது என்று மஹ்ஷரில் கேட்கப்படப் போவதில்லை. அடுத்த கதவுக்குப் பின்னால் இருந்தவர் யார், அவருக்கு நாம் என்ன செய்தோம் என்றே கேட்கப்படுவோம். அந்தக் கேள்விக்கு நல்ல விடை சொல்லும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.